குண்டனுக்குக் கட்டிய செம்புக் கம்பி

பிள்ளைகள், நேற்றுப் பின்னேரம் நான் வேலை முடிந்து வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கும்போது, வீட்டுக் கோடிப் பக்கமிருந்து "டப்" என்று ஒரு சத்தம் கேட்டது. பட்டாசுச் சத்தம் இல்லை, பலகை விழுந்த சத்தமும் இல்லை. நனைந்த சாரத்தை ஒருதரம் பலமாக உதறினால் வருமே, அதைப்போல, ஆனால் அதைவிடக் கூர். பின்னால் மெல்லிய கருகல் வாசமும் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் சிரித்ததும், அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டு அந்தச் சிரிப்பை விழுங்கியதும் எனக்குக் கேட்டது. சவர்க்கார நுரை கண்ணுக்குள் போனதுகூடத் தெரியாமல் நான் அப்படியே நின்றுவிட்டேன், ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்கு உங்களைவிட வயதில் மூத்த உறவு.

அம்மா உங்களுக்குச் சொன்னதும் கேட்டது. "நாளைக்கு இந்தச் சனியன் குப்பை லொறியில போகோணும். இல்லாட்டி நான் போறன்." பிறகு என்னிடம் வந்து, "என்னப்பா, நீங்கள் வாயைத் திறந்து ஒரு கதை சொல்ல மாட்டீங்களோ?" என்று கேட்டா. நான் "நாளைக்குச் சொல்லுறன்" என்று மட்டும் சொன்னனான். அப்பா கோபமாயிருக்கிறார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். காணாமற்போன, நுளம்பு அடிக்கிற கறண்ட் மட்டை எங்கே போனது, பழைய ஏசி மெஷினில் கழற்றிய அந்த வெள்ளித் தகரம் எந்தக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கோபமில்லை. சொல்ல வேண்டிய கதை ஒன்று இருந்தது, அதை வாயால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் இடையில் கேள்வி கேட்டு என்னைக் குழப்பி விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் ஓ/எல் சோதனையோடு படிப்பை விட்ட ஆள், எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளித் தகரத்துக்கு உங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் "கொள்ளளவி" என்று பெயர் போட்டிருக்கிறது. நாங்கள் அந்தச் சொல்லை அறிந்ததில்லை. எங்களுக்கு அது "கண்டென்சர்." எங்களிடம் இருந்த ஒன்றுக்கு மட்டும் தனிப்பெயர், "குண்டன்."

சீனன்குடாவில் நாங்கள் இருந்த காலம் அது. உங்கள் அப்பப்பா எண்ணெய்த் தாங்கியடியில் துருச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கிற வேலை செய்தார். அவருடைய நகக்கண்களில் சிவப்புப் பெயின்ற் என்றைக்கும் போனதில்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், சந்திக்குப் பக்கத்தில், ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. கடைக்காரர் கிண்ணியா ஆள். தன் லொறியைப் பாதையில் ஏற்றி இக்கரைக்கு வந்து கடையைத் திறப்பார். பாதை என்றால் நீங்கள் நினைக்கிற ரோட்டு இல்லை. வாகனங்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற தட்டைப் படகு. அப்போது பாலம் கிடையாது. சனிக்கிழமைகளில் அவருடைய மகன் நியாஸும் கூட வருவான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, பதினொன்று. இரும்புக் குவியலில் ஒரே சைக்கிள் டைனமோவை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததில்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது.

ஒருமுறை துறைமுகத்தில் வெட்டிய பழைய கப்பலொன்றின் சாமான்கள் கடைக்கு வந்தன. அதற்குள் இரண்டு பொருள்கள். ஒன்று, பால்மாப் பேணி அளவில் ஒரு கறுத்த தகரம். தலையில் இரண்டு திருகாணி, உடம்பெல்லாம் பழைய எண்ணெய் வாசம். மற்றது, கைபிடி வைத்துச் சுழற்றுகிற ஒரு மரப்பெட்டி. சுழற்றினால் கறண்ட் தரும். பெட்டியின் வயரைத் தகரத்தின் திருகாணிகளில் கொழுவிக் கை உளையும்வரை சுழற்றிவிட்டு, மரப்பிடி போட்ட குறட்டை இரண்டு திருகாணிக்கும் குறுக்கே வைத்தால் நீல வெளிச்சமும் அந்த "டப்"பும் வரும். அந்தத் தகரம் கறண்டைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளைமாதிரி இருக்கும். அதுதான் எங்களை மயக்கியது. குடிக்க வைப்பதற்கு "தீத்துறது" என்றும், குறடு வைத்து வெறுமையாக்குவதற்குக் "கொல்லுறது" என்றும் நாங்களே சொல் வைத்துக்கொண்டோம்.

குண்டன் என்ற பெயரை நியாஸின் வாப்பா கேட்ட அன்றைக்கு அவருக்கு வியர்த்துவிட்டது. "டேய், வேற பேரே கெடைக்கலியாடா ஒங்களுக்கு? சென்றிக்காரன்ட காதுல விழுந்தா குண்டனும் இல்ல, கடையும் இல்ல, வாப்பாவும் இல்ல!" அதற்குப் பிறகு, ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றி இருக்கிற இடங்களில், குண்டு என்ற சொல்லே வாயில் வராமல், நாங்கள் அதை "பெரியவர்" என்று சொல்லுவோம்.

நாங்கள் செய்த பரிசோதனைகளை எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். உப்புத் தண்ணிக் கோப்பையில் விட்டுப் பார்த்தோம். சின்ன பல்பு ஒன்றைக் கொழுவினோம், அது ஒரு மின்னு மின்னிச் செத்தது. சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளை நடுவில் வைத்து ஓட்டை விழுத்தினோம். நான் ஒவ்வொரு தரமும் குறடு வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுவேன். நியாஸ் கடையில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவான். "இங்க பாருங்க, சுதன் நித்திரையில வேலை செய்றான்!" அவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்காமல், எல்லாருக்கும் முன்னால், "பொறு, உனக்கு ஒருநாளைக்குக் காட்டுறன்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுகிற சொல்தான் அது. பிறகு அந்தச் சொல்தான் எனக்கு எதிராக வந்து நின்றது.

குண்டனை எங்கள் அம்மா, உங்கள் அப்பம்மா, வீட்டுக்குள் விட மாட்டா. கடையில் விட்டால் யாராவது தராசில் போட்டு விற்றுவிடுவார்கள். அதனால் நியாஸ்தான் ஒவ்வொரு கிழமையும் அதைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்க் கொண்டு வருவான். வாப்பா ஒரேயொரு சட்டம் போட்டிருந்தார்: கொல்லாமல் பாதையில் ஏற்றக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் மத்தியானம் முழுக்க மாறி மாறிச் சுழற்றினோம். கடை பூட்டுகிற நேரம் நான் குறடு வைத்தேன். "டப்." நியாஸ் பார்த்துக்கொண்டுதான் நின்றான். "செத்துப்போச்சு, கொண்டு போ" என்று சொல்லி அவனுடைய கையில் கொடுத்தேன். லொறியில் துறையடி வரைக்கும் நானும் போனேன். பாதை அக்கரையில் நின்றது, வரிசை நீளம், வெகுநேரம் காத்திருந்தோம். பிறகு அவர்கள் ஏறினார்கள். நான் கரையில் நின்று கை காட்டினேன். நியாஸ் லொறியிலிருந்து இறங்கிக் குண்டனை அணைத்தபடி ஓரத்தில் நின்றான். அலை தெறித்து அவனுடைய கை, சேர்ட் எல்லாம் நனைந்தன. அவன் பிடியை மாற்றினான். திடீரென்று துள்ளினான். அப்படியே முகம் குப்புற, பாதையின் இரும்பு விளிம்பில் விழுந்தான். என் கண்ணுக்கு அவனுடைய வெள்ளைச் சேர்ட் மட்டும்தான் தெரிந்தது, பிறகு அதில் சிவப்பு.

வாய்க்குக் கீழே நாடி பிளந்து தையல் போட்டார்கள். கறண்ட் கடித்தது எறும்புக்கடி அளவுதானாம். பயத்தில் துள்ளி விழுந்ததுதான் காயம். ஆனால் கடித்தது உண்மை. செத்தது கடிக்குமா? அப்படியென்றால் சுதன் அதைக் கொல்லவில்லை. கொன்றமாதிரி ஏதோ கண்கட்டு வித்தை காட்டிவிட்டுக் கையில் கொடுத்திருக்கிறான். "காட்டுறன்" என்று சொன்னவன்தானே, காட்டிவிட்டான். இப்படித்தான் கதை அன்றிரவே, பாதையில் திரும்பி வந்த ஆட்களோடு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அது சாதாரணக் காலமாயிருந்தால் இரண்டு பொடியன்களின் சண்டை என்று விட்டிருப்பார்கள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், தமிழ்ச் சனம் இருந்த இந்தக் கரைக்கும் முஸ்லிம் சனம் இருந்த அந்தக் கரைக்கும் இடையில் ஒரு சின்னக் கதை போனால், திரும்பி வரும்போது பெரிய கதையாய் வரும். அம்மாவுக்கு அந்தப் பயம். "மன்னிப்பெண்டது ஒரு சொல்லுத்தானே. சொன்னா வாய் தேயுமோ? போய்ச் சொல்லிப்போட்டு வா."

"நான் செய்யேல்லயம்மா. சொன்னா நான் செய்ததெண்டு ஆகும்."

நியாஸ் எனக்கு வேணும். ஆனால் அவன் வேணுமென்றால் நான் என்னைப் பொய்யன் என்று ஒப்புக்கொள்ள வேணும். பதினொரு வயதில் அந்தக் கணக்கு எனக்குத் தீரவேயில்லை. என் அப்பா நகத்துப் பெயின்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழகினவன், நாளைக்குச் செய்ததுக்கும் சும்மா வாயாலதான் கேப்பான். வா, போய் முகத்தைப் பார்த்துக் கதைப்பம்."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை பாதையேறிப் போனோம். நியாஸின் உம்மா தேத்தண்ணி தந்தா, ஆனால் பக்கத்தில் இருக்கவில்லை. நியாஸ் நாடியில் பெரிய கட்டோடு கதிரையில் இருந்து சுவரைப் பார்த்தான். சுழற்றுகிற பெட்டியை வாப்பா காலையிலேயே கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். "இந்தச் சாமான் இனிக் கடையில இரிக்கக்கூடா" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "அண்டைக்கு நான் கொன்டுபோட்டுத்தான் தந்தனான். எப்பிடிக் கொன்டனான் எண்டு இப்ப எல்லாருக்கும் முன்னால காட்டுறன்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் சுழற்றியதில்லை. குண்டன் வயிறு முட்டக் குடித்திருப்பான். கண்ணை மூடாமல் குறடு வைத்தேன். "டப்." உடனே தண்ணிச் சட்டியில் கையை நனைத்து, இரண்டு திருகாணியையும் பிடித்தேன். ஒன்றுமில்லை. "பாருங்க!" என்று சொல்லி நிமிர்ந்தேன். என் பக்கம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

நியாஸின் வாப்பா மெதுவாகச் சொன்னார். "சரி மனே. கொன்டா கடிக்காது எண்டு நீயே காட்டிட்டாய். அப்ப அண்டைக்கு நீ கொல்லல்லதானே?"

நான் கொண்டுபோன சாட்சியே மறுபக்கம் போய் இருந்துகொண்டது. குண்டனை அங்கேயே யன்னல் கட்டில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது பாதையில் அப்பா என் தோளில் கைவைத்தார். "நீ செய்யேல்ல எண்டு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன, அவனுக்கெல்லோ தெரியோணும்." அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இனி வருவது நான் கண்ணால் காணாதது. நியாஸ் பிறகு சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் போனபிறகு அவன் குண்டனைத் தூக்கி இரும்புச் சாக்குக்குள் போடப் போனானாம். கையால் தொடப் பயம், குறட்டால் தலையைக் கவ்வினானாம். குறட்டு வாய் இரண்டு திருகாணியிலும் பட்டதும், "டிக்." சின்னச் சத்தம், ஊசி முனையளவு பொறி. அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டானாம். நான் கொன்றதை அவன் கண்ணால் கண்டவன். நனைந்த கையால் நான் பிடித்ததையும் கண்டவன். பெட்டியோ வாப்பாவின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அப்படியென்றால் இந்தக் கறண்ட் எங்கிருந்து வந்தது? யன்னல் கட்டில் திரும்ப வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய் வந்து குறடு வைத்தானாம். திரும்பவும் "டிக்", ஆனால் கொஞ்சம் களைத்த "டிக்." சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தானாம், அப்போதும் இருந்ததாம். வாப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னால், "வாயில தையல் போட்டிருக்கு, கதைக்காதே" என்று அனுப்பிவிட்டாராம். தையல் நாடியில்தான், வாயில் இல்லை. ஆனால் வாப்பாவிடம் வாதாட ஏலுமா? எங்கள் வீட்டில் போனும் இல்லை. சனிக்கிழமை வரைக்கும் அவன் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

சனிக்கிழமை காலை நான் கடைப்பக்கம் போகாமல் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். படலையடியில் நியாஸ். நாடிக் கட்டோடு, பல்லைத் திறக்காமல் கதைத்தான். "அன்ரி, சுதன் நிக்கானா?" அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தா. அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "டேய், வாடா. அது தானா எழும்புது. நீ பொய் சொல்லல்ல. வாடா!"

கடையில் வாப்பாவும் வேலையாட்களும் நின்றார்கள். லொறியில் பெட்டியும் குண்டனும் வந்திருந்தன; ஒரு கிழமையாய் அடம்பிடித்து ஏற்றுவித்திருக்கிறான். அவனே சுழற்றினான். அவனே கொன்றான். "டப்." பிறகு ஒரு வாங்குப் பலகையின் நடுவில் குண்டனை வைத்துவிட்டு, கல்யாண வீட்டு மாப்பிள்ளைமாதிரி எல்லாரையும் பார்த்துச் சொன்னான். "இப்ப எல்லாரும் தேத்தண்ணி குடிங்க. ஒருத்தரும் கிட்ட வரக்கூடா. என்னையும் சுதனையும் பாத்துக்கொண்டே குடிங்க."

அவ்வளவு சுடச்சுடத் தேத்தண்ணி நான் குடித்ததேயில்லை. ஆறுகிறமாதிரியும் இல்லை, முடிகிறமாதிரியும் இல்லை. "செத்தவருக்கு முன்னால இருந்து தேத்தண்ணி குடிக்கிறம், ஆராவது அழுங்கடா" என்று ஒருவர் பகிடி விட்டார். கோப்பைகள் வெறுமையானதும் நியாஸ் குறட்டை எடுத்தான். அதற்கு முதலே வாப்பா, "எங்கடா எழும்பியிருக்கு? செத்தது செத்ததுதான்" என்று சொல்லித் தேத்தண்ணி பட்ட இரண்டு விரலையும் திருகாணிகளில் வைத்தார்.

"யா அல்லாஹ்!"

கோப்பை ஒருபக்கம், தொப்பி ஒருபக்கம், சாரத்தைப் பிடித்தபடி அவர் ஒருபக்கம். வேலையாட்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். நியாஸ் சிரிக்க ஏலாமல் நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணால் தண்ணி வடியச் சிரித்தான். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. விரலைப் பார்த்தார், குண்டனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "மனே, ஒங்கட வாப்பாவ மத்தியானம் ஒருக்கா வரச்சொல்லு."

அப்பா வேலை உடுப்போடு வந்தார். வாப்பா எழும்பித் தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார். "தம்பி, நான் இரும்ப நம்பின அளவுக்கு ஒங்கட மகன நம்பல்ல. அது என்ட பிழை."

அப்பா, அவர்களுடைய வழக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுகிறமாதிரிச் சொன்னார், "பரவாயில்ல காக்கா. இரும்பும் இண்டைக்குத்தானே உண்மை சொல்லியிருக்கு."

நியாஸ் இன்னுமொன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். குறடு திருகாணிகளுக்குக் குறுக்கே கிடந்தால், எவ்வளவு நேரமானாலும் குண்டன் எழும்புவதில்லை. அப்படியென்றால் கொன்றால் மட்டும் போதாது, கட்டியும் வைக்க வேண்டும். வாப்பா செம்பை யாருக்கும் ஒரு நூல்கூடக் கொடுக்காத மனிதர். தரையில் விழுந்ததைப் பொறுக்கினாலும் திட்டுவார். அவர் தானே உள்ளே போய், நல்ல மினுங்குகிற செம்புக் கம்பித் துண்டொன்றை எடுத்துவந்து என்னிடம் தந்தார், நியாஸிடமில்லை. நான் அதை இரண்டு திருகாணியிலும் சுற்றி முறுக்கினேன். "குண்டனுக்குக் காப்புக் கட்டியாச்சு" என்றான் நியாஸ். அன்றுமுதல் காப்பில்லாமல் குண்டன் கைமாறியதில்லை, பாதை ஏறியதில்லை.

ஏன் தானாக எழும்பியது என்று எனக்குப் பல வருடம் தெரியாது. ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபிறகு அங்கேயிருந்த மின்சார வேலைக்காரர் ஒருவர் விளங்கப்படுத்தினார். நான் உங்களுக்கு எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்லுகிறேன். தோணிக்குள் நிற்கிற தண்ணியை இறைத்துக் காயவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அடியில் திரும்பக் கொஞ்சம் தண்ணி நிற்கும் இல்லையா? ஓட்டையில்லை, மழையில்லை, பலகைக்குள்ளும் கயிற்றுக்குள்ளும் ஊறிக் கிடந்தது மெல்ல மெல்லக் கசிந்து சேர்ந்தது. கண்டென்சருக்குள்ளும் அப்படித்தான் கறண்ட் ஊறிக் கிடக்கிறது. நீங்கள் "டப்" என்று இறைப்பது மேலே நிற்பதை மட்டும்.

இப்போது அந்தப் பாதை இல்லை. பாலத்தால் போனால் பஸ்ஸில் ஒரு பாட்டு முடிய முதல் கிண்ணியா வந்துவிடும். சென்றியும் இல்லை. இரும்புக் கடை இருந்த இடத்தில் போன் கடை இருக்கிறது. வாப்பா மௌத்தாகிவிட்டார், உங்கள் அப்பப்பாவும் இல்லை. குண்டன் எங்கள் கையைவிட்டு எப்படிப் போனான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. நீதான் விற்றாய் என்று இன்றைக்கும் ஒருவரையொருவர் சொல்லிக்கொள்ளுவோம். நியாஸ் மாமாவை உங்களுக்குத் தெரியும். பழுதான மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறவர், தாடி வைத்தவர், அந்தத் தாடிக்குள் ஒரு கோடு இருக்கிறது. அடுத்தமுறை வரும்போது கேளுங்கள், தடவிக் காட்டுவார்.

சுவர்ப் பிளக்கில் கை வைக்கக்கூடாது, அது யாரையும் மன்னிக்காது. வெள்ளித் தகரத்தை நான் வீட்டில் நிற்கும்போது மட்டும்தான் எடுக்கலாம். இதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவ முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் குப்பை லொறிக்காரனைக் கூப்பிடவும் இல்லை. உங்களில் யாருக்காவது கடித்தால், மற்றவரைப் பொய்யன் என்று சொல்ல முதல் ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போய், அம்மாவும் சந்தைக்குப் போனபிறகு, நான் உங்கள் கட்டிலுக்குக் கீழே குனிந்து அந்தத் தகரத்தை எடுத்தேன். மரப்பிடிக் குறட்டைக் குறுக்கே வைத்தேன். "டிக்." கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய வயர்த் துண்டொன்றைப் பல்லால் உரித்துச் செம்பை எடுத்து, இரண்டு முனையிலும் சுற்றி முறுக்கி, தகரத்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, வேலைக்குப் போனேன்.